ஆழ்கடல் தரையில் கசியும் மீத்தேனும் அதை நம்பி வாழும் உயிர்களும்: தடா மாணவிக்கு ஒரு பதில்

ஆந்திராவின் தடாவிலிருந்து ஒரு பி.எஸ்ஸி. மாணவி கேட்டிருக்கிறார். காக்கிநாடாவுக்கு அப்பால் ஆழ்கடல் தரையிலிருந்து கேஸ் கசிகிறது, சூரிய வெளிச்சமே இல்லாமல் அந்த கேஸை நம்பி மட்டிகளும் புழுக்களும் வாழ்கின்றன என்று தெலுங்குப் பேப்பரில் படித்தாராம். அது உண்மையா? பழவேற்காடு ஏரியில் கழி ஊன்றும்போது சேற்றிலிருந்து கிளம்பும் குமிழியும் அதுவும் ஒன்றா? அந்தப் பக்கம் தொழிலுக்குப் போகும் சித்தப்பாவின் போட்டுக்கு ஆபத்து உண்டா? இதைப் படிக்க எங்கே போகணும்? நான்கும் நல்ல கேள்விகள். சூளூர்ப்பேட்டைப் பக்கம் பல வருடம் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவன் நான். ஏரிக் குமிழியையும் ஆழ்கடல் கசிவையும் சேர்த்து யோசித்த இரண்டாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

செய்தி உண்மைதான். கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிந்து சாதனா என்ற ஆய்வுக்கப்பலில் போய், கிருஷ்ணா-கோதாவரி படுகையில் 900 முதல் 1,800 மீட்டர் வரை ஆழமுள்ள இடங்களில் இந்தக் கசிவுகளைக் கண்டார்கள். 2019-இல் ஆய்வுக் கட்டுரையாக அதை வெளியிட்டார்கள். இந்தியாவின் கடல் எல்லைக்குள், இன்றும் கசிந்துகொண்டிருக்கும் மீத்தேனும் அதைச் சுற்றி வாழும் உயிர்க்கூட்டமும் சேர்ந்து பதிவானது அதுவே முதல் முறை. ஒலியலையை அனுப்பிக் கடலடியைப் பார்க்கும் கப்பலின் சோனார் கருவியில், தரையிலிருந்து குமிழிகள் தூணாக எழும்புவது படமாக விழுந்தது. அந்த இடங்களில் சேற்றை எடுத்துப் பார்த்தால், சில இடங்களில் தரைக்கு இரண்டு மூன்று மீட்டர் கீழேயே மீத்தேன் ஹைட்ரேட், அதாவது மீத்தேன் அடைபட்ட ஐஸ் போன்ற பொருள், இருந்தது. நாலைந்து குடும்பங்களைச் சேர்ந்த மட்டி, நத்தை, குழாய்ப்புழு வகைகளும் கிடைத்தன.

இப்போது ஏரிக்கு வருகிறேன். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, தண்ணீர் பல இடங்களில் முழங்காலுக்கு மேல் இருக்காது. அடியில் இருக்கும் சேற்றில் பாசி, செடி, மீன் கழிவு, ஆறு கொண்டுவந்த இலை தழை எல்லாம் புதைகின்றன. சேற்றின் மேல்தோலில் மட்டும்தான் ஆக்சிஜன் உண்டு. ஒரு விரற்கடை கீழே போனாலே தீர்ந்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் நுண்ணுயிர்களுக்கு மூச்சு விட வேறு ஏதாவது வேண்டும். கடல்நீரில் சல்ஃபேட் தாராளமாக இருப்பதால் அதை எடுத்துக்கொள்கின்றன. அப்படிச் செய்யும்போது வெளிவருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அந்த அழுகின முட்டை நாற்றம். சேறு கறுப்பாக இருப்பதும் இந்தச் சல்ஃபைடு இரும்போடு சேர்வதால்தான். இன்னும் கீழே போனால் சல்ஃபேட்டும் தீர்ந்துவிடும். அங்கே வேறு ஒரு கூட்டம் வேலையைத் தொடங்குகிறது. அவை பாக்டீரியா இல்லை, ஆர்க்கியா என்ற தனிப் பிரிவு. மிச்சம் இருக்கும் கரிமப் பொருளிலிருந்து அவை மீத்தேன் தயாரிக்கின்றன. கழி ஊன்றியதும் கிளம்பும் குமிழியில் இந்த மீத்தேன் இருக்கிறது.

ஆழ்கடல் தரையிலும் இதே அடுக்குதான். மேலே ஆக்சிஜன், அதன் கீழே சல்ஃபேட், அதற்கும் கீழே மீத்தேன். அளவுதான் வேறு. சாதாரணமான ஆழ்கடல் சேற்றில் சல்ஃபேட் பல மீட்டர் கீழே வரை இறங்குகிறது. மீத்தேன் அதற்கும் கீழே அடங்கிக் கிடக்கிறது. மேலே ஊரும் புழுவுக்கோ மட்டிக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கசிவு இருக்கும் இடத்தில் மட்டும், கீழிருந்து மீத்தேன் வேகமாக ஏறி வருவதால் அந்த அடுக்குகளெல்லாம் நசுங்கி, தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழேயே வந்து நிற்கின்றன. மட்டியின் காலுக்கு எட்டும் தூரத்தில் சாப்பாடு வந்துவிடுகிறது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: குமிழி உண்டாகும் விதம் ஒன்றுதான். மட்டிகளும் குழாய்ப்புழுக்களும் அங்கே கூடி வாழ்வதற்கு ஆழமும், அழுத்தமும், நிற்காமல் நூற்றாண்டுக்கணக்கில் வரும் கசிவும் காரணம்.

இவ்வளவு மீத்தேன் அங்கே எப்படிச் சேர்ந்தது? கோதாவரி நாசிக் பக்கம் திரியம்பகத்தில் பிறக்கிறது, கிருஷ்ணா மகாபலேஷ்வரத்தில். இரண்டும் தக்காணத்தைக் குறுக்கே கடந்து, வழியில் இருக்கும் மண்ணையும் இலையையும் மட்கிய மரத்தையும் வாரிக்கொண்டு வந்து வங்காள விரிகுடாவில் கொட்டுகின்றன. பல கோடி வருடமாக இது நடப்பதால் படுகையில் வண்டல் கிலோமீட்டர் கணக்கில் கனத்துக் கிடக்கிறது. கடலின் மேற்பரப்பில் செத்து விழும் மிதவை உயிர்களும் அதோடு சேர்கின்றன. அதற்குள் ஆர்க்கியா தயாரித்த மீத்தேன்தான் இங்கே பெரும்பகுதி. ஆழத்துச் சூட்டில் வெந்து உண்டாகும் பெட்ரோலிய வாயு இல்லை. மீத்தேனில் இருக்கும் கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது எடை மாறுபட்ட கார்பன் அணுக்களை, அளந்து பார்த்து இதைச் சொல்கிறார்கள். மேலே கனம் ஏற ஏற, கீழே இருக்கும் இளகிய களிமண் பிதுங்கி மேடாக எழும்புகிறது, அதைச் சுற்றி வண்டலில் விரிசல் விடுகிறது. அந்த விரிசல்கள்தான் வாயு ஏறி வரும் வழி.

ஏறி வரும் மீத்தேன் முழுவதும் வெளியே வந்துவிடாது. 1,800 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 180 மடங்கு. தண்ணீரோ நாலைந்து டிகிரிக்கும் குறைவான குளிரில் இருக்கும். இந்த நிலையில் தண்ணீர் மூலக்கூறுகள் மீத்தேனைச் சுற்றிக் கூண்டு கட்டி உறைந்துவிடுகின்றன. பார்க்க ஐஸ் போலவே இருக்கும், தீக்குச்சி காட்டினால் எரியும். இதுதான் ஹைட்ரேட். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் உருகினால் சுமார் 164 கன மீட்டர் மீத்தேன் வெளிவரும். 2006-இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளைக்கப்பல் இந்திய அரசின் ஹைட்ரேட் திட்டத்துக்காக நம் கடல்களில் துளையிட்டபோது, கிருஷ்ணா-கோதாவரி படுகையில் ஒரே இடத்தில் சுமார் 130 மீட்டர் கனத்துக்கு, களிமண் விரிசல்களுக்குள் ஹைட்ரேட் நிறைந்திருந்தது. அதே பயணத்தில் கேரள-கொங்கண் கடலில் துளையிட்ட இடத்தில் ஹைட்ரேட் கிடைக்கவில்லை. அந்தமான் பக்கம் கிடைத்தது.

அப்புறம், சாப்பாட்டு விஷயம். இதை நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் விலங்கியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

மீத்தேன் எளிதில் எதோடும் சேராத வாயு. ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் அதை உடைத்துச் சாப்பிட ஒரு நுண்ணுயிரால் பொதுவாகத் தனியாக முடிவதில்லை. இரண்டு சேர்ந்து செய்கின்றன. ஓர் ஆர்க்கியா மீத்தேனை உடைக்கிறது, அதை ஒட்டிக்கொண்டே வாழும் ஒரு பாக்டீரியா சல்ஃபேட்டை மாற்றுகிறது. இந்த ஜோடி நுண்ணோக்கியில் ஒரே உருண்டையாகத் தெரிவதை 2000-ஆம் ஆண்டில்தான் ஆண்ட்ஜே போட்டியஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் அவர் குழுவினரும் படம் பிடித்துக் காட்டினார்கள். இந்த வேலையில் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம், இரண்டும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் இவை ஒரு முறை இரட்டிப்பாவதற்கே மாதக்கணக்கில் ஆகிறது. ஆனால் இவை விட்டுச்செல்லும் இரண்டு பொருட்களின் மேல்தான் கசிவின் உலகமே நிற்கிறது. ஒன்று ஹைட்ரஜன் சல்ஃபைடு, இன்னொன்று பைகார்பனேட்.

சல்ஃபைடு எவ்வளவு கொடிய விஷம் என்று நமக்குத் தெரியும். சாக்கடைக் குழியில் இறக்கிவிடப்படும் தொழிலாளர்கள் சில நொடிகளில் சுருண்டு விழுவதற்கு இந்த வாயு ஒரு முக்கியக் காரணம். நம் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியையே அது முடக்கிவிடும். ஆனால் அதற்குள் ஆற்றல் இருக்கிறது. சல்ஃபைடையும் ஆக்சிஜனையும் சேர்க்கத் தெரிந்த பாக்டீரியாவுக்கு அந்த ஆற்றல் போதும், கரியமில வாயுவிலிருந்து உடம்பைக் கட்டிக்கொள்ளும். செடி வெளிச்சத்தை வைத்துச் செய்வதை இவை வேதிவினையை வைத்துச் செய்கின்றன. கசிவுத் தரையில் வெள்ளையாக, சில இடங்களில் ஆரஞ்சு நிறத்தில், பாய் விரித்தது போலப் படர்ந்திருப்பது இப்படிப்பட்ட பாக்டீரியாக்களின் கூட்டம்.

இந்த பாக்டீரியாவுக்கு ஒரு கஷ்டம் உண்டு. சல்ஃபைடு கீழே சேற்றில் இருக்கிறது, ஆக்சிஜன் மேலே நீரில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் மெல்லிய எல்லையில்தான் அதனால் வாழ முடியும். மட்டிகளும் புழுக்களும் செய்த ஏற்பாடு, அந்த பாக்டீரியாவை உடம்புக்குள்ளேயே குடிவைத்துக்கொண்டு, இரண்டு பொருளையும் தாமே கொண்டுவந்து சேர்ப்பது. வெசிகோமியிட் என்ற மட்டிக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி உடம்பைச் சேற்றில் புதைத்துக்கொண்டு, காலை நீட்டிக் கீழிருந்து சல்ஃபைடை உறிஞ்சுகிறது. மேலே நீட்டிய குழலால் ஆக்சிஜனை இழுக்கிறது. சல்ஃபைடு விஷமாகாதபடி அதைக் கட்டிப்போடும் ஒரு பொருள் அதன் இரத்தத்தில் இருக்கிறது. இரண்டும் செவுளுக்குப் போகின்றன. பாக்டீரியா குடியிருப்பது அங்கேதான். பதிமோடியோலஸ் என்ற ஆழ்கடல் மட்டியில் இன்னும் விசேஷம். அதில் பல இனங்களின் செவுளில் இரண்டு வகை பாக்டீரியா சேர்ந்தே வாழ்கின்றன, ஒன்று சல்ஃபைடில் வாழ்வது, மற்றொன்று நேராக மீத்தேனையே சாப்பிடுவது. எது அதிகம் வருகிறதோ அதற்குத் தக்கபடி இரண்டின் அளவும் மாறும்.

குழாய்ப்புழுவுக்கு வாயே கிடையாது, குடலும் கிடையாது. 1977-இல் கலாபகஸ் தீவுகள் பக்கம், ஆல்வின் நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் வெந்நீர் ஊற்றுகளின் அருகே ஆள் உயரத்துக்குக் குழாய்ப்புழுக்களைப் பார்த்தபோது, இது எப்படித்தான் சாப்பிடுகிறது என்று யாருக்கும் புரியவில்லை. ஹார்வர்டில் மாணவியாக இருந்த கோலீன் கவனா, அந்தப் புழுவின் உடம்பில் கந்தகத் துணுக்குகள் இருப்பதாக ஒரு வகுப்பில் சொல்லக் கேட்டதும், உள்ளே பாக்டீரியா இருக்க வேண்டும் என்று எழுந்து சொன்னார். 1981-இல் அதை நிரூபித்த கட்டுரையும் வந்தது. வெந்நீர் இல்லாமலே, சுற்றியிருக்கும் நீரின் அதே குளிரில் கசியும் இடங்களிலும் இப்படிப்பட்ட உயிர்கள் உண்டு என்பது 1984-இல் மெக்சிகோ வளைகுடாவில், ஃப்ளோரிடாவுக்கு அப்பால் சுமார் 3,200 மீட்டர் ஆழத்தில் தெரியவந்தது.

அந்த வளைகுடாவில் வாழும் லாமெல்லிபிராக்கியா என்ற கசிவுப் புழு இரண்டு மீட்டர் நீளம் வளர 170 முதல் 250 வருடம் ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் உடம்பின் கீழ்ப்பாகம் வேர் போலச் சேற்றுக்குள் இறங்கி அங்கிருந்து சல்ஃபைடை எடுக்கிறது. நம் கிருஷ்ணா-கோதாவரி கசிவில் கிடைத்த புழுக்களும் இதே சிபோக்ளினிட் குடும்பம்தான். வெந்நீர் ஊற்றுப் புழுக்களோ சில வருடத்திலேயே வளர்ந்துவிடும், ஊற்று அடைபட்டால் செத்துவிடும். கசிவு நிதானமானது, நீண்டகாலம் நிற்பது. அதை நம்பும் உயிரும் அப்படியே நிதானமாக வளர்கிறது.

பைகார்பனேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அது கடல்நீரின் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புப் பாறையாகப் படிகிறது. வெறும் சேறாக இருந்த தரையில் இப்படிக் கெட்டியான பாறை உண்டாவதால், ஒட்டி வாழும் உயிர்களுக்கு இடம் கிடைக்கிறது. கசிவு நின்ற பிறகும் பாறை நிற்கும், அதன் மேல் ஆழ்கடல் பவளம்கூட வந்து வளரும். கிருஷ்ணா-கோதாவரி படுகையில் எடுத்த ஒரு சேற்று மாதிரியில், தரைக்குக் கீழே புதைந்திருந்த இப்படிப்பட்ட சுண்ணாம்புக் கட்டிகளும் கசிவு மட்டிகளின் ஓடுகளும் கிடைத்தன. அவற்றின் வயது ஏறக்குறைய 50 ஆயிரம் வருடம். 2009-இல் இது வெளியானது. உயிருள்ள கசிவைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, செத்துப்போன பழைய கசிவு ஒன்று நமக்குக் கிடைத்துவிட்டது. அந்த ஓடுகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்தக் கடல் தரை ஒரு பழைய ஊர் என்ற எண்ணம் வந்தது.

நீங்கள் படித்ததில் ஒரு வரியை மட்டும் நான் மறுக்க வேண்டும். "சூரியனே தேவையில்லாத உயிர்கள்" என்று பல கட்டுரைகளில் எழுதுகிறார்கள், பாடப்புத்தகங்களிலும் ஏறிவிட்டது. வெளிச்சம் தேவையில்லை என்பது சரி. சூரியனே தேவையில்லை என்பது சரியில்லை. மட்டியின் செவுளில் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். கடலில் இருக்கும் ஆக்சிஜன் முழுவதும் எங்கோ ஒரு செடியோ பாசியோ வெளிச்சத்தில் தயாரித்தது. வங்காள விரிகுடாவில் நூறு மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டர் வரைக்கும் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கும் கீழே மறுபடி கொஞ்சம் கூடுகிறது. தெற்கே வெகுதூரத்தில் குளிர்ந்து மூழ்கிய நீர் அந்த ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு மெதுவாக வடக்கே ஊர்ந்து வருவதுதான் காரணம். மீத்தேனின் கார்பனும் அப்படித்தான். அது ஒரு காலத்தில் இலையாக, பாசியாக இருந்தது, வெயிலில் வளர்ந்தது. ஆக, இந்த உயிர்கள் மிகப் பழைய வெயிலையும் மிகத் தொலைவிலிருந்து வந்த மூச்சையும் இருட்டில் சேர்த்து வாழ்கின்றன. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால், மேலே ஆற்றில் அணை கட்டுவதும் கடல் சூடாவதும் கீழே 1,800 மீட்டரில் இருப்பவற்றைத் தொடாது என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

சித்தப்பாவைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த ஆழத்தில் கிளம்பும் குமிழி மேலே வருவதற்குள் நீரில் கரைந்துவிடும். குமிழியின் மேல் ஹைட்ரேட் தோல் ஒன்று படிந்து சில நூறு மீட்டர் வரைக்கும் அதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். கரைந்த மீத்தேனை நீரில் இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் சாப்பிட்டுவிடும். கடல் திடீரென்று கொதித்துப் படகை விழுங்கிவிடும் என்று சுற்றும் கதைகளை இந்தக் கசிவுகளோடு சேர்க்க எந்த ஆதாரமும் இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று. ஹைட்ரேட்டை எரிபொருளாக எடுக்க உலகம் முழுவதும் முயற்சி நடக்கிறது. 2013 மார்ச்சில் ஜப்பான் நன்காய் பள்ளத்தில் அழுத்தத்தைக் குறைத்துக் கடலடி ஹைட்ரேட்டிலிருந்து வாயு எடுத்துப் பார்த்தது. ஆறு நாளில் துளைக்குள் மணல் ஏறி நிறுத்த வேண்டி வந்தது. 2017-இல் சீனா தென்சீனக் கடலில் 60 நாள் எடுத்தது. 2015-இல் சிக்யூ என்ற ஜப்பானியத் துளைக்கப்பல் நம் கிழக்குக் கடலில் துளையிட்டபோது மணல் அடுக்குகளிலும் ஹைட்ரேட் இருப்பது தெரிந்தது. களிமண் விரிசலில் இருப்பதைவிட மணலில் இருப்பதை எடுப்பது எளிது என்பதால், அதன் மேல் எல்லோருக்கும் கண். எரிவாயுவை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இந்த ஆசை வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்குக்குக் குறையாமல் பூமியைச் சூடாக்கும். அது கடலிலிருந்து வெளியேறாமல் பார்த்துக்கொள்பவை அந்தச் சேற்று ஜோடிகள்தான். கடல் தரைக்குள் ஏறி வரும் மீத்தேனில் பெரும்பங்கை அவையே தின்று தீர்க்கின்றன. மாதக்கணக்கில் ஒரு முறை இரட்டிக்கும் உயிரையும், இருநூறு வருடம் வளரும் புழுவையும் கலைத்துவிட்டு, பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பது நடக்காது. எந்தெந்த இடத்தில் கசிவு இருக்கிறது, அங்கே என்னென்ன வாழ்கிறது என்று முழுவதும் வரைந்து முடித்த பிறகே துளை போட வேண்டும், கசிவு மேடுகளை ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வரைபடத்தை வரைய இன்னும் நிறைய ஆட்கள் வேண்டும்.

அதனால் கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் பேராசையோடு பதில் சொல்கிறேன். நீங்கள் விலங்கியல் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மேற்படிப்புக்கு நுண்ணுயிரியலையோ கடல் வேதியியலையோ சேர்த்துக்கொள்ளுங்கள், கசிவு ஆராய்ச்சியில் இரண்டும் இல்லாமல் விலங்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், கொச்சியில் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (குசாட்) மூன்றிலும் கடல்சார் மேற்படிப்பு உண்டு. ஆராய்ச்சிக்குக் கோவா நிறுவனம். கருவிகளில் ஆர்வம் இருந்தால் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், தடாவிலிருந்து ரயிலேறினால் அன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். மூன்று பேர் உட்கார்ந்து 6,000 மீட்டர் வரை இறங்கும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியை உருவாக்குவது அவர்கள்தான். தெலுங்கு மீடியத்தில் படித்தேன், ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம். கணக்கும் வேதியியலும் கையில் இருந்தால் மொழி பின்னாலேயே வரும். ஏதாவது விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தால் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.